சிறுவர் பாதுகாப்பும் விளையாட்டுப் பயிற்சியும்

விளையாட்டின் வாயிலாகக் கல்வி புகட்டுதல் நலம் என்னுங் கொள்கையை இக்காலத்தில் மறுப்பார் அரியர். புளியங்கொட்டையையும் சோழியையும் கையில் வைத்துக் கூட்டற் கணக்குக் கற்ற பிள்ளை, வாய்பாட்டை மட்டும் ஒப்பித்த பிள்ளையினும் விரைவில் அதனைப் பற்றிக்கொள்ளுகிறது என்பதை ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர் யாவரும் அறிவர். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆடல், பாடல், கதை, கைவேலை ஆகியவற்றைத் துணைக்கொண்டே எண்ணையும் எழுத்தையும் பயிற்றத் தொடங்கிற்று. எண்ணுக்கும் எழுத்துக்கும் ஏற்ற இம்முறையை, பிள்ளைகள் தம் உடம்பைக் காத்துக்கொள்ளும் வகையைக் கற்பிக்கவும் கையாளலாமா, கையாளின் எங்ஙனம் கையாளல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். நம் கலாசாலையினின்று வெளியேறுவோருள் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளுகின்றனர். கற்குங் காலத்திலேயே நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் சென்று, கிராமப் பாடசாலைகளிற் பிள்ளைகளைக் கூட்டி ஆட்டங்கள் நடத்தி வருவோரும் பலர். ஆதலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று.

பாதுகாப்பு என்னுஞ் சொல் பரந்த பொருளுடையது. கிணற்றை எட்டிப் பாராதே, அடுப்பண்டை போகாதே, சாலையைக் கடக்குமுன் இருபுறமும் நோக்கு என்றெல்லாம் எச்சரிக்க எந்தப் பெற்றோரும் நாணுவதில்லை. ஒருவர் பிள்ளையின் உடம்பைத் தம் இச்சைக்குப் பயன்படுத்துங் கொடுமையைக் குறித்து எச்சரிக்கும் வேளை வந்ததும் வீடு வாயடைத்துப் போகின்றது, பாடசாலையும் அவ்வாறே. இக்கொடுமை எங்கோ சில இடங்களில் அருகி நிகழ்வது என்று எண்ணியிருந்தோரின் எண்ணத்தை, மத்திய அரசாங்கத்தின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை சிதறடித்தது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கண்டு வினவியபோது, நூற்றுக்கு 53.22 பேர் ஏதேனும் ஒருவகையில் இத்தீங்குக்கு உட்பட்டதாகக் கூறினர். அவ்வாறு கூறினவருள் ஆண்பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர். தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைக்கு முன்னரே அறிமுகமானவர். அல்லது பிள்ளையின் நம்பிக்கைக்கு உரிய நிலையில் இருந்தவர்.

இம்மூன்று செய்திகளையும் ஒருங்கு நோக்கின், நம் வீடுகளில் வழங்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் குறி தவறியவை என்பது விளங்கும். ‘முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே’ என்பது நல்ல எச்சரிக்கையே. ஆயினும் மிட்டாய் கொடுப்பவர் சிற்றப்பாவாயின், தனிப்பாடம் சொல்லும் வாத்தியாராயின், நாள்தோறும் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரராயின், அவ்வெச்சரிக்கை பிள்ளைக்கு எவ்வாறு உதவும்? பெண்பிள்ளைக்கு மட்டும் இரண்டொரு சொற் சொல்லிவிட்டு ஆண்பிள்ளையை ஒன்றுமறியாதவனாக விட்டுவிடும் வழக்கமும் இத்தகையதே.

இதனை அறிவுரையாகச் சொன்னாற் போதாதோ, விளையாட்டு எற்றுக்கு எனின், இரு காரணங்கள் கூறுவோம். பெரியவர் ஒருவர் இப்பொருளைப் பற்றிப் பேச வாயெடுத்ததும் அவர் முகம் மாறுகின்றது, குரல் தாழ்கின்றது. பிள்ளை சொற்களைக் கேளாமல் முகத்தையே படிக்கின்றது. ‘இது பேசத்தகாத பொருள் போலும்’ என்னும் ஒன்றையே அது கற்றுக்கொள்ளுகிறது. பின்னர்த் தீங்கு நேருமாயின் பேசாதிருப்பதற்கு அதுவே போதிய காரணமாகின்றது. விளையாட்டில் இவ்விறுக்கம் தளர்ந்துவிடும். மற்றொரு காரணம் இதனினும் பெரிது. அச்சம் வந்து பற்றும் நொடியில் எவர்க்கும் நாவெழுவதில்லை, கால் நகர்வதில்லை. பெரியவர்க்கே அவ்வாறாயின் ஏழு வயதுப் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நொடியிற் கைகொடுப்பது உடம்பு முன்னரே செய்து பழகிய செய்கையொன்றே.

நம் முன்னோர் ஆடிய ஆட்டங்களிலேயே இதற்கு வித்து உண்டு. பருந்தும் கோழிக்குஞ்சும் ஆடும்போது ஒரு பிள்ளை தாய்க்கோழியாகக் கைகளை விரித்து முன்னிற்கும். ஏனைப் பிள்ளைகள் ஒருவர் இடையை ஒருவர் பற்றிப் பின்னே வரிசையாக நிற்பர். பருந்து கடைசிக் குஞ்சைக் கவரப் பாயும். இதனினும் ஆழ்ந்தது ஆடுபுலி ஆட்டம். பழங்கோயில் மண்டபங்களின் தளக்கற்களில் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருத்தலை நண்பர்கள் கண்டிருப்பர். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமாயின் அவ்வாட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்துள்ள புள்ளி வெறுமையாக இருத்தல் வேண்டும். அப்புள்ளியில் வேறோர் ஆடு நிற்குமாயின் புலியின் வலிமை அத்தனையும் வீணாகும். ஆட்டுக்குப் பாய்ச்சலுமில்லை, வெட்டும் உரிமையுமில்லை. அதன் பின்னே வெற்றிடம் இல்லாமையே அதன் காவல். சிறுவர் பாதுகாப்பைப் பற்றி அச்சிட்ட நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதை இவ்வாட்டம் ஒரு கோட்டிற் காட்டிவிடுகிறது என்பது எம் கருத்து. வலிமையற்ற பிள்ளை வலிமையுள்ள பெரியவரை எதிர்த்து வெல்லும்படி பயிற்றிவிடலாம் என்று கருதுவது பேதைமை. பிள்ளை விரைந்து சென்று சேர்தற்கு அடுத்த புள்ளியில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் அங்கே நிற்கிறார் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஆட்டங்கள் யாவும் இதற்கு ஏற்றவை என்று கொள்ளற்க. வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழிப்போர் ஆடும் பரமபத சோபான படம் நீதி புகட்ட எழுந்த ஆட்டமே. நற்குணம் ஏணியாக உயர்த்தும், தீக்குணம் பாம்பாக விழுங்கும். இவ்வகை ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் பரவி, பாம்பும் ஏணியும் என்னும் பெயரோடு உலகெங்கும் வழங்கலாயிற்று. இதனையே சிறிது மாற்றி, ஏணியின் அடியில் ‘அம்மாவிடம் சொன்னாள்’ என்றும், பாம்பின் தலையில் ‘அழைத்தவரோடு போனாள்’ என்றும் எழுதிச் சிறுவர் பாதுகாப்பு ஆட்டம் என்று கொடுத்துவிடுதல் எளிது. காண்பதற்கு அழகாகவும் இருக்கும், செலவும் குறைவு. ஆயினும் இவ்வாட்டத்திற் காயை நகர்த்துவது தாயக்கட்டையேயன்றிப் பிள்ளையின் தீர்மானமன்று. பிள்ளை ஒன்றும் செய்து பழகுவதில்லை. அதுமட்டுமோ? 40 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் முன்னரே தீங்குற்றவர் சிலரேனும் இருப்பர் என்று கொண்டே எந்த ஆட்டத்தையும் வகுத்தல் வேண்டும். பாம்பு தன்னை விழுங்கிக் கீழே தள்ளும்போது அப்பிள்ளை என்ன எண்ணும்? ‘தவறு என்னுடையது, அதனாலேயே விழுந்தேன்’ என்றன்றோ எண்ணும்! பிறர் செய்த குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றும் ஆட்டம் எத்துணை வண்ணந் தீட்டியதாயினும் வகுப்பறைக்கு ஆகாது.

நிற்க. பாதுகாப்பு ஆட்டம் என்று இக்காலத்தில் வழங்குவனவற்றுட் பல வினா விடைப் போட்டிகளே. படத்தைக் காட்டிச் சரியா தவறா என்று கேட்பர். பிள்ளைகள் ஒரே குரலில் விடை கூவுவர். நடத்தினவரும் உளமகிழ்ந்து செல்வர். விடை தெரிந்திருத்தல் வேறு, அவ்வாறு செய்தல் வேறு என்பதற்கு அமெரிக்க உளநூலார் செய்த இரு சோதனைகள் சான்றாகும். 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையில், மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் பயின்ற பிள்ளைகளைப் பல குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் படக்காட்சி கண்டதோடு அதிற் கண்டவாறு தாமே நடித்தும் பழகினர். மற்றொரு குழுவினர் படத்தை மட்டும் கண்டனர். வேறொரு குழுவினர்க்கு ஒன்றும் கற்பிக்கப்படவில்லை. பின்னர் முன்பின் அறியாத ஒருவர் பிள்ளையைக் கண்டு தம்முடன் வருமாறு அழைக்க ஏற்பாடு செய்தனர். ஒன்றும் கல்லாத பிள்ளைகளுள் நான்கில் மூன்று பங்கினர் உடனே புறப்பட இசைந்தனர்! நடித்துப் பழகிய பிள்ளைகளே சிறப்பாக மறுத்து அகன்றனர். படத்தை மட்டும் கண்டவர் அவர்க்குப் பின்தங்கினர்.

2004-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு சோதனை இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் வீடுகளிலுள்ள துப்பாக்கிகளைப் பிள்ளைகள் எடுத்து ஆடி மாளும் துயரம் பெரிது. ஆதலின் அங்கே துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் அகன்று சென்று பெரியவரிடம் கூறுமாறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பர். 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு இதனை இரு முறைகளிற் கற்பித்துச் சோதித்தனர். இரு முறைகளிற் கற்ற பிள்ளைகளும் பாடத்தை வாயாற் சொல்லுமாறு கேட்டபோது செவ்வனே சொல்லினர். ஆசிரியர் கண்முன் நடித்துக் காட்டுமாறு கேட்டபோது, நடித்துப் பழகினவரே மிகுதியாகத் தேறினர். ஆனால் குண்டில்லாத் துப்பாக்கியொன்றைப் பிள்ளை தனியே காணும்படி வைத்து மறைவிலிருந்து நோக்கியபோது, அப்பயிற்சியும் போதவில்லை. கற்ற இடத்தில் நின்ற பாடம் வேறிடத்திற்கு உடன் வரவில்லை. பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், பிள்ளை தவறிய அவ்விடத்திலேயே ஆசிரியர் தோன்றி, அங்கேயே மறுபடியும் மறுபடியும் செய்வித்துப் பழக்கியபோதே பயன் விளைந்தது. ஒருநாள் ஒருமணி நேரம் ஆட்டம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

‘நல்ல தொடுதல், தீய தொடுதல்’ என்று நம் பாடசாலைகளிற் பெருவழக்காய்ச் சொல்லப்படும் பாகுபாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களின் இறுதியில் மினசோட்டா மாநிலத்திற் கார்டீலியா ஆண்டர்சன் என்னும் அம்மையார் தொடுகையின் வகைகளை ஒரு வரிசைப்படுத்திக் காட்டிய முறையிலிருந்து கிளைத்தது அது. மினியாபொலிஸ் நகரத்து இல்யூஷன் தியேட்டர் அக்கருத்தை நாடகமாக்கிச் சிறுவர்க்கு நடித்துக் காட்டிற்று. நாடகத்திற் பிறந்தது நம்மிடையே சுவரொட்டியாகச் சுருங்கிவிட்டமை வருந்தத்தக்கது. மேலும், மனத்துக்கு நல்லதாகத் தோன்றுவது, தீயதாகத் தோன்றுவது என்னும் அளவுகோல் சிறுபிள்ளைக்குப் போதாது. வைத்தியர் ஊசி குத்துதல் நோவு தரும், தீங்கன்று. வஞ்சகர் அன்பொழுகத் தடவுதல் இதமாக இருத்தலுங் கூடும், தீங்கு. ஆதலின் மறைவிடங்களை இன்னின்ன என்று பெயர் சொல்லிக் காட்டி, உடல்நலம், தூய்மை இவற்றின்பொருட்டன்றி அவற்றை எவரும் தொடலாகாது என்னும் விதியாகக் கற்பித்தலே தெளிவு. 2012-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் தொலைக்காட்சியில் ஆமிர் கான் சிறுவரோடு அமர்ந்து நடத்திய வகுப்பும், உடம்பின் அபாய இடங்களைச் சுட்டிக் காட்டி, கூவுதல், பாதுகாப்பான இடத்துக்கு ஓடுதல், நம்பத்தக்கவரிடம் சொல்லுதல் என்னுஞ் செய்கைகளைக் கற்பித்ததனாலேயே பலர் மனத்தில் நின்றது.

இனி, ஆட்டம் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். மைதானத்தில் ஐந்து வட்டங்கள் வரைக. அவற்றில் அம்மா, தாத்தா, ஆசிரியை, பக்கத்து வீட்டு அத்தை, போலீஸ்காரர் என ஐவர் நிற்க. ஒவ்வொருவர்க்கும் ஒரு சீட்டு இரகசியமாகக் கொடுக்கப்படும். ஒரு சீட்டில் ‘இப்போது வேலையாயிருக்கிறேன், பிறகு வா’ என்றும், ஒன்றிற் ‘சும்மா கதை கட்டாதே’ என்றும், ஒன்றிற் ‘அவர் அப்படிப்பட்டவர் அல்லர்’ என்றும், ஒன்றில் வெறுமனே சிரித்துவிடுக என்றும் எழுதியிருக்கும். ஒரு சீட்டில் மட்டும், குனிந்து பிள்ளையின் கண்ணுக்கு நேராக அமர்ந்து முழுவதும் கேட்டு, ‘நீ சொன்னது நல்லது’ என்று கூறுக என்றிருக்கும். பிள்ளை ‘ஒருவர் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை’ என்னும் ஒரு வாக்கியத்தை ஏந்திக்கொண்டு, கேட்பவர் ஒருவரைக் காணும்வரை வட்டம் வட்டமாகச் செல்லுதல் வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சீட்டுகள் கலைத்துக் கொடுக்கப்படும். அம்மாவே எப்போதும் கேட்பவர் என்றோ, போலீஸ்காரர் எப்போதும் கேளாதவர் என்றோ பிள்ளை முடிவு கட்டலாகாது. இதில் விரைவுக்குப் பரிசில்லை, எவரும் ஆட்டமிழப்பதுமில்லை. நான்கு பேர் கேளாது போயினும் ஐந்தாமவரிடம் செல்லுதலே ஆட்டம். நான்காம் வட்டத்தில் முகம் வாடும் பிள்ளை ஐந்தாம் வட்டத்தில் தலை நிமிரும். சிரித்துவிடும் பாத்திரத்தை ஏற்க எவர்க்கும் மனம் வாராது. அதனை ஆசிரியரே ஏற்றல் நன்று.

குரலைப் பழக்கும் ஆட்டமும் வேண்டும். மெல்லப் பேசு, அடக்கமாயிரு என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று உரக்கக் கூவுதல் எளிதன்று. பத்தடி தொலைவில் தொடங்கி மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும்படி கூவிப் பழகுக. பேசவியலாப் பிள்ளைகள் இருப்பின் கைமணி, சீழ்க்கை, கைச்சைகை ஆகியவற்றை அமைத்தல் வேண்டும். இரகசியங்களைப் பிரிக்கும் ஆட்டமும் பயனுடையது. தங்கையின் பிறந்தநாளுக்கு வாங்கிய பாவாடை நாளை வெளிப்படும் இரகசியம். ‘அப்பாவிடம் என்றும் சொல்லாதே’ என்பது வெளிப்படவே கூடாத இரகசியம். முன்னதை மறைக்கலாம், பின்னதை உடனே உடைக்கலாம் என்று சீட்டுகளை இரு கூடைகளில் இடச் செய்தால், ஆறு வயதுப் பிள்ளையும் வேறுபாட்டை உணரும்.

எந்த ஆட்டத்திலும் தீங்கிழைப்பவராக எவரும் நடித்தலாகாது. பிள்ளையின் மேற் கைவைத்துக் காட்டுதல் அறவே கூடாது. பொம்மையோ படமோ போதும். இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. ‘நான் ஆட வரவில்லை’ என்று ஒரு பிள்ளை ஒதுங்குமாயின் அதனை ஒதுங்கியிருக்க விடுதல் வேண்டும். மறுக்கக் கற்பிக்கும் ஆட்டத்துள் ஒரு பிள்ளையை மறுக்க மறுக்க இழுத்து நிறுத்தும் ஆசிரியர், தாம் கற்பிக்க வந்ததை அந்நொடியிலேயே அழித்துவிடுகிறார். அதன் ‘வரவில்லை’ என்னுஞ் சொல் மதிக்கப்பட்டதைக் கண்ட வகுப்பு முழுவதும் ஒரு பாடம் கற்றுவிட்டது. அதற்கு வட்டமும் வேண்டுவதில்லை, சீட்டும் வேண்டுவதில்லை.

இதுவே யாம் வற்புறுத்த விரும்பும் பொருள். ஆட்டத்துள் நாம் வகுக்கும் விதியை ஆட்டத்துக்குப் புறத்தே நாமே மீறுவோமாயின் ஆட்டம் வீண். நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பார்க்க. ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர். ‘மாமாவுக்கு ஒரு முத்தங் கொடு’, ‘பெரியப்பா மடியில் உட்கார்’ என்று பிள்ளையைத் தள்ளுகின்றனர். பிள்ளை நெளிகின்றது, தாயின் முந்தானையிற் புகுகின்றது. ‘என்ன பிள்ளை இது, மரியாதை தெரியவில்லையே’ என்று அதட்டு விழுகின்றது. சில வீடுகளில் அடியும் விழுகின்றது. வந்தவர் குற்றமற்ற நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அவ்வாறே. ஆயினும் பிள்ளை கற்றது யாது? பெரியவர் விரும்பினால் என் உடம்பைக் கொடுக்க வேண்டும், மறுத்தால் அம்மா கோபிப்பாள் என்பதே. பாடசாலையில் ஒருமணி நேரம் கற்ற ‘வேண்டாம்’ வீட்டில் ஒரு நொடியில் தண்டனைக்குரிய சொல்லாகிவிடுகிறது. இதனாற் பிள்ளைகள் பெரியோரை மதியாதவராய் வளர்வர் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம். கைகூப்பி வணக்கம் சொல்லுதல் நம் நாட்டில் எவர்க்கும் குறைவான மரியாதையன்று. முத்தத்தை மறுத்த பிள்ளை வணக்கம் சொல்லட்டும். மாமாவும் அதனை ஏற்று மகிழட்டும்.

‘பிஞ்சு மனத்திற் கள்ளத்தைப் புகுத்துகிறீர்கள், பிள்ளைகள் அஞ்சி நடுங்குவர்’ என்போரும் உளர். இவ்வச்சம் நேர்மையானதே; ஆராயத்தக்கதே. காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டமைப்பினர் பாடசாலைகளில் நடந்த இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 24 சோதனைகளைத் திரட்டி, 5,802 பிள்ளைகளின் நிலையை நோக்கி 2015-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர்க்கு அறிவும் தற்காப்புத் திறனும் மிகுந்தன. அச்சமோ கலக்கமோ மிகுந்ததற்குச் சான்றில்லை. பயிற்சியினால் தீங்கு நேர்வதே குறைந்துவிடும் என்று அவ்வறிக்கை நிலைநாட்டவில்லை என்பதையும் மறைத்தல் முறையன்று. பிள்ளை அறிந்துகொண்டதனாலேயே புலி காட்டைவிட்டு ஓடிவிடாதன்றோ?

கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் பாதுகாப்பு ஆட்டங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். கூகிள் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இன்டர்லேண்ட்’, இணையத்தில் எதனைப் பகிரலாம், எவரை நம்பலாம் என்பதைக் கற்பிப்பது. ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தார் அமைத்த ‘ஆர்பிட்’, யாம் கூறிவரும் தீங்கைப் பற்றியே சிறுவர்க்குக் கற்பிக்க எழுந்தது. தனியே இருந்து வெட்கமின்றித் திரும்பத் திரும்ப ஆடலாம் என்பது இவற்றின் நன்மை. விரலால் ஒரு பொத்தானைத் தொடுதல் நாவால் ‘வேண்டாம்’ என்று கூவுதலாகாது என்பது இவற்றின் குறை. இதற்கிடையே, பலர் கூடி ஆடும் கணினி ஆட்டங்களிலேயே உரையாடும் வசதியைப் பயன்படுத்தி வஞ்சகர் சிறுவரைத் தேடி வருகின்றனர் என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது. சிறுவர் என்று சொல்லிக்கொள்பவர் சிறுவராகவே இருப்பர் என்பது என்ன நிச்சயம்?

இறுதியாக, முகாமுக்குச் செல்லும் நம் மாணவ நண்பர்க்கு. ஆட்டம் நன்றாக அமையுமாயின் அதன் பயன் உடனே தோன்றலாம். எல்லோரும் கலைந்தபின் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி அருகில் வந்து, ஆட்டத்திற் கற்ற அவ்வாக்கியத்தையே மெய்யாகச் சொல்லக்கூடும். அப்போது ஐந்தாம் வட்டத்தில் நிற்பவர் நீங்களே. ‘எவரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களிக்கலாகாது. அவ்வாக்கைக் காக்க இயலாது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் போலீசாருக்குத் தெரிவித்தல் கடமை. தெரிவியாமை 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. துருவித் துருவி வினவுதலும், தோழர் நால்வரைக் கூட்டி மறுபடியும் சொல்லச் செய்தலும், குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் சென்று கேட்டலும் கூடா. கேட்டு, நம்பி, பிள்ளையைத் தனியே விடாது, அன்றே உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவு செய்தல் வேண்டும் என்று 24-ஆம் பிரிவு விதித்திருக்கிறது. இதனைப் பிள்ளையின் தாய்க்கு எடுத்துச் சொன்னாற் பாதி அச்சம் தீரும். 1996-ஆம் ஆண்டிற் பம்பாயில் தொடங்கிய 1098 என்னுந் தொலைபேசி எண் இன்று நாடெங்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

ஆதலின் யாம் ஒரு யோசனை கூறுகின்றோம். அடுத்த முகாமுக்கு ஆட்டங்களின் பட்டியல் எழுதும்போது, அத்தாளின் தலைப்பில் முதலில் இரண்டு பெயர்கள் எழுதப்படுக. ஒன்று, பிள்ளை ஏதேனும் சொன்னால் அன்று மாலையே யாரிடம் செல்வது என்பது. மற்றொன்று, நாம் திரும்பிவந்த பின்னர் அவ்வூர்ப் பாடசாலையில் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இவ்வாட்டத்தை மறுபடியும் ஆடுவிக்க இசைந்த ஆசிரியரின் பெயர். அவ்விரண்டு பெயர்களும் கிடைக்காத ஊரில், இவ்வாண்டு மரம் நட்டுவிட்டு வருவோம். பெயர்கள் கிடைத்தபின் ஆட்டத்துக்குச் செல்வோம்.